சதுக்கமே கல்லூரி ஆனபோது

வாத்தியார் ஒருவர் பிரதமரானால் எப்படியிருக்கும்? டிரினிடாட் தீவின் எரிக் வில்லியம்ஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

தபால் இலாகா ஊழியரின் மகனாக 1911-இல் பிறந்தவர். உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போய், 1938-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அடிமை வியாபார லாபம்தான் பிரிட்டனின் தொழில் வளர்ச்சிக்கு உரம் போட்டது என்று 1944-இல் நூல் எழுதி, சரித்திர ஆசிரியர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பினார்.

1955-இல் கரீபியன் கமிஷன் வேலை போச்சு. மனுஷர் அசரவில்லை! போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரின் உட்ஃபோர்டு சதுக்கத்தில் நின்று, கூடிய ஜனங்களுக்குச் சரித்திரமும் அரசியலும் சொல்லிக் கொடுத்தார். 'உட்ஃபோர்டு சதுக்கப் பல்கலைக்கழகம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1956-இல் கட்சி தொடங்கினார். அதே ஆண்டு தேர்தலிலும் வென்றார். 1962 ஆகஸ்ட் 31-இல் நாடு சுதந்திரம் பெற்றது.

ஆனால் 1970-இல் மாணவர்களே அவருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். "எங்களுக்கு வேலை எங்கே? செல்வம் இன்னும் அந்நியர் கையில்தானே?" என்பதே அவர்கள் கேள்வி. கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தவரோ நெருக்கடி நிலை பிரகடனம் செய்தார்! 1981-இல் பதவியிலிருந்தபடியே காலமானார்.

மாணவன் எதிர்த்துக் கேட்டால், பாடம் பலித்துவிட்டது என்றுதான் அர்த்தம். இந்நாள் மாணவர்களே, நாளை நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது இதை மட்டும் மறந்துடாதீங்க!