முத்தும் முன்பணமும்: இரு கடல்கள் தரும் படிப்பினை

 

கடலோர ஊரொன்றின் பள்ளிவாசலில் இமாமத் செய்து வருபவன் நான். அண்மையில் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் ஜமாஅத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர், மடித்துக் கசங்கிய கணக்கு நோட்டு ஒன்றுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! வலை வாங்க நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினேன். வட்டி இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் பிடிக்கும் நண்டு முழுவதையும் அவருக்கே போட வேண்டும். விலையையும் அவரே சொல்வார். வெளியில் போகும் விலையைவிடக் குறைத்துத்தான் நோட்டில் ஏறுகிறது. இரண்டு வருடம் ஆயிற்று. அசல் அப்படியே நிற்கிறது. இது வியாபாரமா, வட்டியா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட எனக்குத் துணிவு வரவில்லை. கிதாபுகளைப் புரட்டியதோடு வரலாற்றையும் புரட்டினேன். அவர் கேட்ட கேள்வி நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் பழமை உடையது என்பது அப்போது விளங்கிற்று. அவ்வரலாற்றை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

இப்னு பதூதா கண்ட காட்சி

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 14ஆம் நூற்றாண்டில், உலகைச் சுற்றி வந்த பயணி இப்னு பதூதா அவர்கள், பாரசீக வளைகுடாவில் நடைபெற்ற முத்துக்குளிப்பைத் தம் பயண நூலில் வர்ணித்துள்ளார்கள். முக்குளிப்பவர் இடுப்பில் கயிறு கட்டிக் கடலின் அடியில் இறங்குவதையும், மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பதையும், மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வதையும் விவரித்த பின், ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கிடைத்த முத்துகளில் ஐந்தில் ஒரு பங்கை சுல்தான் எடுத்துக்கொள்வார். எஞ்சியதை அங்கேயே காத்திருக்கும் வணிகர்கள் வாங்கிக்கொள்வர். அவ்வணிகர்களில் பெரும்பாலோர் முக்குளிப்பவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். ஆகவே முத்து கடனுக்கு ஈடாகவே போய்விடும்.

சிந்தித்துப் பாருங்கள்! உயிரைப் பணயம் வைத்து ஆழ்கடலில் இறங்கியவரின் கையில் முத்து தங்கியது எவ்வளவு நேரம்? சிப்பி படகுக்கு வந்து சேரும் நேரம் மட்டுமே.

வளைகுடாவின் கடன் சங்கிலி

இப்னு பதூதா கண்ட அந்த ஏற்பாடு காலப்போக்கில் மறையவில்லை, மேலும் இறுகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாக் கரைகளிலிருந்து ஏறத்தாழ 4,500 படகுகளும் 74,000 பேரும் முத்துக்குளிக்கச் சென்றனர் என்று அன்றைய ஆங்கிலேய ஆவணங்கள் கணக்கிட்டுள்ளன. பஹ்ரைன், குவைத், கத்தர், இன்று ஐக்கிய அமீரகம் எனப்படும் கரைகள் ஆகிய அனைத்துக்கும் முத்தே உயிர்நாடியாக இருந்தது. வாங்கிய முத்துகளின் பெரும்பகுதி நம் நாட்டின் பம்பாய்ச் சந்தைக்கே வந்து சேர்ந்தது.

கோடை காலத்தின் நான்கு மாதங்களே குளிப்புக் காலம். படகுத் தலைவர் 'நாகூதா' எனப்பட்டார். முக்குளிப்பவர் 'கவ்வாஸ்', கயிறு இழுப்பவர் 'ஸைப்'. எவருக்கும் கூலி கிடையாது, பங்குதான். செலவு போக எஞ்சியதில் முக்குளிப்பவருக்கு மூன்று பங்கு, கயிறு இழுப்பவருக்கு இரண்டு பங்கு என்பது பல துறைகளில் வழக்கம். கேட்பதற்கு இது நீதியான ஏற்பாடாகவே தோன்றும். சிக்கல் பங்கில் இல்லை, முன்பணத்தில் இருந்தது.

படகு புறப்படுமுன் குடும்பச் செலவுக்கு ஒரு முன்பணம். குளிப்பு இல்லாத மாதங்களில் வயிற்றைக் கழுவ மற்றொரு முன்பணம். அரிசியும் பேரீச்சம்பழமும் துணியும் பெரும்பாலும் நாகூதாவின் வழியாகவே கடனாக வரும். விலையும் அவர் வைத்ததே. நாகூதாவோ பெரிய முத்து வணிகரிடம் கடன்பட்டவர். அவரும் தம் முத்துகளை அந்த வணிகருக்கே விற்றாக வேண்டும். கணக்கு எழுதியவர் கடன் கொடுத்தவர். கடன்பட்டவருக்குப் படிக்கத் தெரியாது. கடன் தீராத வரை வேறு நாகூதாவிடம் செல்ல முடியாது. தந்தை இறந்தால் அவர் கடன் மகன் மீது ஏறியது. மகனும் அதே படகில் கயிறு கட்டி இறங்கினான்.

சகோதரர்களே! இங்கே சற்று நில்லுங்கள். மையித்தின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். சொத்து இல்லையெனில் வாரிசு தன் பொருளிலிருந்து கொடுப்பது அவர் மீது கடமையில்லை என்பது ஃபிக்ஹின் தெளிவான சட்டம். கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனமோ திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். இவ்விரண்டும் அறியப்படாத நாடுகளா அவை? அறியப்பட்டவையே! ஆயினும் முத்துக்குளிப்பு வழக்குகள் காழியிடம் செல்லவில்லை. 'ஸாலிஃபா' எனும் தனி வழக்காற்று மன்றத்துக்குச் சென்றன. அம்மன்றத்தில் தீர்ப்பளித்தவர்கள் நாகூதாக்களே!

1920களில் பஹ்ரைனில் சீர்திருத்தம் வந்தது. ஒவ்வொரு முக்குளிப்பவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தர வேண்டும், முன்பணத்துக்கு வரம்பு வேண்டும், தந்தையின் கடன் மகனைத் தொடரக் கூடாது என்றெல்லாம் விதிகள் செய்யப்பட்டன. அதற்கு முன்நின்று அழுத்தம் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி என்பதை எழுதும்போது என் பேனா கூசுகிறது. நம் வேதம் சொன்னதை நம்மவருக்கு அந்நியர் வந்து சட்டமாக்க வேண்டியதாயிற்று.

இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. 1932இல் முன்பணம் போதவில்லை என்று முக்குளிப்பவர்களே கிளர்ந்தெழுந்தனர். அடிமைச் சங்கிலியை அறுக்க வந்த சட்டத்தை அடிமைப்பட்டவரே எதிர்ப்பதா என்று வியக்காதீர்கள். வீட்டில் அடுப்பு எரியாதவருக்கு நாளைய விடுதலையைவிட இன்றைய அரிசியே பெரிது. கடனை ஒழித்தால் மட்டும் போதாது; பஞ்ச மாதங்களுக்கு மாற்று வழி செய்யாத சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தமே.

அதற்குள் முத்தின் காலமே முடிந்துகொண்டிருந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் தொடங்கிய வளர்ப்பு முத்து 1920களில் உலகச் சந்தையை நிரப்பியது. 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் சாய்த்தது. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்திராவிட்டால் அக்கரைகளின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் மன்னார் வளைகுடா

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபங்களில் பரதவர்களும், கீழக்கரை உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் முக்குளிப்பவர்களும் பன்னெடுங்காலம் மூழ்கினர். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற குளிப்புகளில் அரபு முக்குளிப்பவர்களும் இவர்களோடு சேர்ந்து இறங்கினர்.

இங்கே கணக்கு வேறு. சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு; ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த ஒரு பங்கிலிருந்துதான் படகுக்கும் உரியது போக வேண்டும். ஆங்கிலேய அரசு கடலில் இறங்காமலேயே மூன்றில் இரண்டைக் கொண்டு சென்றது கொடுமையே. எனினும் வளைகுடாவில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. குளித்தவர் தம் பங்கைச் சிப்பியாகவே பெற்று, 'கொட்டு' எனும் அடைப்பை விட்டு வெளியே வந்ததும், தாம் விரும்பியவருக்கு, கேட்ட விலைக்கு, அன்றே விற்கலாம். சிறு பங்குதான், ஆனால் சொந்தப் பங்கு.

ஆனால் இக்கடல் வேறொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. முத்துச் சிப்பி ஆண்டுதோறும் விளையும் பயிரன்று. 1892 முதல் 1902 வரை இலங்கைக் கரையில் குளிப்பே இல்லை. 1903இல் மீண்டும் தொடங்கி, 1905இல் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய். அப்பெருக்கைக் கண்ட அரசு, 1906இல் சிலாபங்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்கு, 20 ஆண்டுகளுக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி இல்லை! நிறுவனம் 1912இல் கலைக்கப்பட்டது. சிலாபங்கள் தாமாகவே ஏறியிறங்குபவை என்பது உண்மை. ஆயினும் நல்ல ஆண்டின் விளைச்சலை எல்லா ஆண்டுக்கும் கணக்கிட்டது மனிதனின் பேராசையன்றி வேறென்ன? தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிக் குளிப்பு. அதற்குப் பின் இல்லை.

இன்றைய கரை

முத்து போயிற்று, மீனும் நண்டும் இறாலும் இருக்கின்றன. இவ்விரு கடல்களின் இரு நோய்களும் இன்று ஒரே கரையில் கூடியிருக்கின்றன.

முதல் நோய், கடலை அளவுக்கு மீறி அரித்தெடுப்பது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது, அது நாட்டுப்படகுகளுக்கு உரியது என வரையறுத்தது. 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் பின்னர் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. இவை நமக்கு எதிரான சட்டங்களல்ல. 1907இல் பெற்ற பாடத்தின் தாமதமான பயன். விசைப்படகு வைத்திருக்கும் சகோதரர்களே! மூன்று மைலுக்குள் இரவில் இழுக்கும் மடி, உங்கள் அருகில் ஸஃப்பில் நின்று தொழும் நாட்டுப்படகுக்காரரின் வலையைக் கிழிக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது நோய், அந்த மீனவர் நோட்டில் இருந்தது. வணிகர்கள் சிலர் இதை 'ஸலம்' வியாபாரம் என்று நியாயப்படுத்துகின்றனர். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, பேரீச்சம்பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது; அதை அனுமதித்து, அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என நிபந்தனை விதித்தார்கள். ஸலமில் விலை முழுவதும் ஒப்பந்தத்தின்போதே கொடுக்கப்படும். பொருளின் வகையும் அளவும் நாளும் குறிக்கப்படும். அவை ஒப்படைக்கப்பட்டதும் கணக்கு முடிந்துவிடும். இங்கோ அளவு இல்லை, தவணை இல்லை, விலையைப் பின்னர் ஒருவரே சொல்கிறார், அசலும் குறைவதில்லை. இது ஸலம் அன்று, கடன். கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டியின் வாசலே என்பது ஃபுகஹாக்களின் கருத்து. அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதிலும் இதுவே.

"அப்படியானால் ஹஜ்ரத், அடுத்த வலைக்குப் பணம் யார் தருவார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். 1932இன் கேள்வியல்லவா இது! அதற்கு என்னிடம் ஃபத்வா இல்லை. ஜமாஅத்திடம்தான் பதில் இருக்கிறது. கேரளத்தின் மரியநாடு எனும் மீனவக் கிராமத்தினர் 1970 வாக்கில் தாங்களே சங்கம் அமைத்து, கரையில் தாங்களே ஏலம் விட்டு, அதிலிருந்தே சேமிப்பும் கடனும் ஏற்படுத்திக்கொண்டனர். அவ்வழியில் உருவான சங்கங்களின் கூட்டமைப்பு 1980 முதல் இயங்கி வருகிறது. கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் பரவியது. அவர்கள் கிறிஸ்தவச் சகோதரர்கள். வட்டியைப் பற்றி மிம்பரில் முழங்கும் நாம், அவர்கள் செய்து காட்டியதைச் செய்யவில்லையே!

ஆகவே மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். வணிகர்களே! முன்பணக் கணக்கை இரண்டு நோட்டுகளில் எழுதுங்கள்; ஒன்றை மீனவர் கையில் கொடுங்கள்; கடனை வேறாகவும் விலையை வேறாகவும் வையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! பைத்துல்மாலில் வலைக்கும் தடைக்காலத்துக்கும் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை ஒதுக்குங்கள். மீனவச் சகோதரர்களே! தனித்தனியாக வியாபாரியின் வாசலில் நிற்காமல், ஒன்றுசேர்ந்து கரையில் ஏலம் விடுங்கள்.

அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் அசல் தீர்ந்தது என்று எழுதப்படும் நாளை அல்லாஹ் விரைவில் தருவானாக! ஆமீன்.