அருஞ்சொற்பொருளும் எடுத்துக்காட்டும்: ஆங்கில அகராதி வரலாற்றில் ஒரு வினா

1604ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் காட்ரி என்பார் சிறு நூலொன்றை வெளியிட்டார். 'அகரவரிசைப் பட்டியல்' எனப் பொருள்படும் பெயருடைய அந்நூலையே ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாக வரலாற்றாசிரியர் கொள்வர். அதன்கண் உள்ளவை ஏறத்தாழ 2,500 சொற்களே. அவை நாள்வழக்கிற் பயிலும் எளிய சொற்கள் அல்ல. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, எபிரேயம் முதலிய மொழிகளினின்றும் ஆங்கிலத்துட் புகுந்த அருஞ்சொற்கள். கல்விப் பயிற்சி மிகுதியும் பெறாத பெண்டிர்க்கும் பிறர்க்கும் பயன்படவே இதனைத் தொகுத்ததாக முகப்பிலேயே ஆசிரியர் அறிவித்துள்ளார். அகரவரிசையில் தேடும் முறையே அந்நாளில் பலர்க்குப் புதிதாகலின், சொல்லின் முதலெழுத்தை நோக்கி நூலின் முற்பகுதியிலோ பிற்பகுதியிலோ காண்க என்று முன்னுரையிற் கற்பிக்கவும் நேர்ந்தது. முதற்பதிப்பின் படி ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. அது ஆக்சுபோர்டில் பாடிலியன் நூலகத்தில் இருக்கின்றது.

காட்ரியின் முறை மிக எளிது. அருஞ்சொல் ஒன்று, அதன் எதிரே அதற்கு நிகரான எளிய சொல் ஒன்றோ இரண்டோ. அச்சொல் எவ்வாறு தொடரில் அமையும் என்பது பற்றி ஒரு குறிப்பும் இல்லை. இம்முறையின் விளைவை 1623இல் வெளிவந்த ஹென்றி காக்கரம் என்பவரின் அகராதியில் நன்கு காணலாம். அதன் முதற்பகுதி அருஞ்சொற்களுக்கு எளிய சொற்களைத் தந்தது. இரண்டாம் பகுதியோ எளிய சொல்லை முதலில் நிறுத்தி, அதற்குப் பெருமிதமான சொல் இன்னது என்று காட்டியது. தம் பேச்சை அணிசெய்ய விரும்பியவர் அப்பகுதியைப் புரட்டி, வேண்டிய இடத்தில் பெரிய சொல்லைப் பெய்துகொள்ளலாம் என்பது கருத்து. நம் நிகண்டுகளும் ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்தவையே எனினும், அவற்றை நெட்டுருச் செய்த மாணாக்கர் இலக்கியப் பாடமும் உடன் கேட்டனர். சொல் இயங்கும் இடத்தைப் பாட்டே அவர்க்குக் கற்பித்தது. காக்கரத்தின் நூலை வாங்கியவர்க்கு அத்துணை இல்லை.

ஆகவே வினா இதுவாகும்: ஒரு சொல்லுக்குப் பொருள் உரைத்துவிட்டால் அச்சொல் கற்பிக்கப்பட்டதாகுமா? ஆங்கில அகராதிகளின் வரலாறு முழுவதையும் இவ்வொரு வினாவுக்கு விடை தேடிய வரலாறாகவே காணலாம்.

தமிழறிஞர்க்கு இவ்வினா புதிதன்று. வெளிப்படையான சொற்களை விளக்க வேண்டுவதில்லை, வெளிப்படாத உரிச்சொற்களையே விளக்க வேண்டும் என்ற வரையறை தொல்காப்பிய உரியியலில் உண்டு. காட்ரி கொண்ட வரையறையும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் தொல்காப்பியர் அவ்வளவில் நின்றாரல்லர். பொருளாகக் கூறிய சொல்லுக்கும் மீளப் பொருள் வினவத் தொடங்கின் அதற்கு எல்லையில்லை என்றும், முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடியே பொருள் உணர்த்தப்படும் என்றும் அவர் அவ்வியலிலேயே உணர்த்துகின்றார். உரையாசிரியர்கள் ஒவ்வோர் உரிச்சொற்கும் செய்யுளடி காட்டிச் செல்வது இக்கொள்கையின் செயல்வடிவம் என்க.

ஆங்கிலத்தில் இவ்வுண்மையைப் பெருமுயற்சியால் நாட்டியவர் சாமுவேல் ஜான்சன். 1746இல் புத்தக வணிகரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஆறு எழுத்தர்களின் துணையோடு உழைத்து, 1755 ஏப்பிரலில் இரு பெருந்தொகுதிகளாகத் தம் அகராதியை அவர் வெளியிட்டார். சொற்கள் ஏறத்தாழ 42,000. அவற்றுக்குக் காட்டிய மேற்கோள்களோ 1,14,000 அளவின. நூல்களைப் படிக்குங்கால் வேண்டிய சொல்லின்கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் அதன் முதலெழுத்தைக் குறித்துவைப்பார். எழுத்தர் அத்தொடரைத் தனித்தாளில் படியெடுப்பர். இவ்வாறு தாள்கள் திரண்ட பின்னரே பொருள்களை வகுத்தார். முன்னே பொருளை வகுத்துப் பின்னே சான்று தேடியவர் அல்லர் என்பது ஈண்டு மிகவும் கருதத்தக்கது. எளிய சொல்லை அதனினும் எளிய சொல்லால் விளக்க இயலாது என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். 'வலை' போலும் ஓர் எளிய பொருளை விளக்கப் புகுந்து, அச்சொல்லினும் கடிய இலத்தீன் சொற்களை அடுக்கியமை பிற்காலத்தார் நகைக்கும் செய்தியாயிற்று. தொல்காப்பியர் சொன்ன எல்லையின்மை இதுதான்.

ஜான்சனுக்குப் பின் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்பார் மறுகோடிக்குச் சென்றார். 1836, 1837ஆம் ஆண்டுகளில் முற்றுப்பெற்ற அவர் அகராதியில் பொருள்விளக்கம் மிகச் சிறிது. மேற்கோள்களே பக்கங்களை நிரப்பின. சான்றுகளை முறையே படிப்பவன் பொருளைத் தானே உணர்வான் என்பது அவர் துணிபு. அறிஞர்க்கு அந்நூல் கருவூலமாயிற்று. அவசரமாகப் பொருள் காண விழைந்தார்க்குப் பயன்பட்டிலது. இரண்டையும் இணைத்து, காலமுறைப்படி மேற்கோள்களை நிறுத்தி, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது ஆக்சுபோர்டு பேரகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் பொருளோடு இலக்கிய மேற்கோளும் தரும் நெறியினதே.

எனினும் இவையெல்லாம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையார்க்கு எழுந்தவை. ஷேக்சுபியர் தொடரொன்றைக் காட்டினால் அதன் வழக்கு எது, புதுமை எது என்று அவர் செவியே பகுத்தறியும். அயல்மொழியாளனுக்கு அச்செவி இல்லை. ஆதலின் அயலார்க்கென எழுந்த அகராதிகள் அயல்நாடுகளில் பிறந்தமை வியப்பன்று. வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்டு, எண்டிக்காட்டு என்பாரோடு சேர்ந்து 1935இல் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களை மட்டும் கொண்டு 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. பொருட்குப் பொருள் காணும் முடிவின்மைக்கு இட்ட முதல் அணை அது எனலாம்.

சப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்பீல்டு ஆகிய மூவர் செய்த பணி இதனினும் ஆழமானது. 1942இல் தோக்கியோவில் வெளிவந்த அவர்தம் அகராதியை 1948இல் ஆக்சுபோர்டு அச்சகம் மறுபதிப்புச் செய்து உலகெங்கும் பரப்பியது. ஒரு சான்று காட்டுவோம். 'அட்வைஸ்', 'சஜஸ்ட்' என்னும் இரு வினைகளுக்கும் 'யோசனை கூறு' என்றே நாம் பொருள் கொள்வோம். முதல் வினையின் பின், யோசனை பெறுவோன் பெயரையும் அதன்மேல் 'டு' சேர்ந்த வினையையும் அமைக்கலாம். இரண்டாவதன் பின் அவ்வாறு அமைத்தல் பிழை. எத்துணை நுண்ணிய பொருள்விளக்கமும் இவ்வேறுபாட்டைச் சொல்லாது. எடுத்துக்காட்டுத் தொடர் ஒன்றே சொல்லும். இதனை உணர்ந்த ஹார்ன்பி வினைச்சொற்களை 25 அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் தாமே சிறு தொடர்களைப் புனைந்து தந்தார். பெரும்புலவர் வாக்கு அகராதியினின்று நீங்கி, ஆசிரியன் வகுப்பறைத் தொடர் அவ்விடத்தைப் பெற்றது.

இம்மாற்றத்தைச் சிலர் ஏற்றிலர். 1987இல் ஜான் சின்க்ளேர் என்பாரைத் தலைவராகக் கொண்டு, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியில் திரட்டிய உரைத்தொகுப்பிலிருந்து உருவான கோபில்டு அகராதி, புனைந்த தொடர்களை ஒதுக்கி, மக்கள் எழுதியும் பேசியும் வந்த தொடர்களையே எடுத்துக்காட்டாக்கியது. விளக்கத்தையும் முழுத் தொடராகவே அமைத்து, விளக்கப்படும் சொல் அத்தொடருள்ளேயே இயங்குமாறு செய்தது. இவ்வமைப்பு மிகவும் போற்றத்தக்கது. ஆனால் உண்மைத் தொடரெல்லாம் கற்பிக்கத் தக்க தொடர் ஆகா. இடத்தினின்று பிரித்தெடுத்த தொடரில் அறியாப் பெயர்களும் நிகழ்ச்சிகளும் மொய்த்து, அறிய வேண்டிய ஒரு சொல்லை மறைத்துவிடுதலும் உண்டு. ஹார்ன்பியின் புனைவு பழுதென்று முற்றும் தள்ளுதல் நேரிதன்று என்பது எம் கருத்து.

அதே 1987ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா கில்டியா என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பள்ளிச் சிறுவர் புதுச்சொற்களைக் கற்கும் முறைபற்றி எழுதினர். அகராதி விளக்கத்தை மட்டும் கண்ட சிறுவர் விந்தையான தொடர்களை எழுதினர். 'ஸ்டிமுலேட்' என்பதற்குக் 'கிளறிவிடு' என்னும் கருத்தில் விளக்கம் கண்ட சிறுவன், ஓர் அம்மையார் குழம்பை 'ஸ்டிமுலேட்' செய்தார் என்று எழுதினான். காக்கரத்தின் நூலை நம்பியோர் நிலை இதனின் வேறாக இருந்திராது. ஆனால் ஆய்வாளர் அவ்வளவில் நிற்கவில்லை. விளக்கம் இன்றி எடுத்துக்காட்டு மட்டும் தந்தும் பார்த்தனர். அரசன் தம்பி அரியணையை 'யூசர்ப்' செய்ய முயன்றான் என்னும் கருத்துடைய தொடரைப் படித்த சிறுவன், அச்சொற்கு 'எடுத்துக்கொள்ளுதல்' என்றே பொருள் கொண்டு, நீல நாற்காலி அறையிலிருந்து 'யூசர்ப்' செய்யப்பட்டது என்று எழுதினான்.