மௌன மூளைத்திசு இறப்பு

மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய் அடைபட்டுத் திசு மடிந்தும், கைகால் விழாமலும் வாய் கோணாமலும் ஆள் நடமாடும் நிலை. பெரும்பாலும் 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான சிறு குழிகளாக எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும், சி.டி. ஸ்கேனில் பல தப்பிவிடும். இத்தகைய குழிகளுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உள்ள உறவை 1960களில் பிணக்கூறாய்வுகள் வழியே விளக்கியவர் நரம்பியலாளர் மில்லர் ஃபிஷர்.

முதல்முறை பக்கவாதம் வந்தவர் என்று சேர்க்கப்படுபவரின் படத்திலும் இப்படிப் பழைய தழும்புகள் கிடப்பதுண்டு. முதுமைக்கு அடுத்து முதன்மையான காரணம் இரத்தக் கொதிப்பே. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கழுத்துத் தமனிச் சுருக்கம், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியவையும் சேரும். அறிகுறியே இல்லை என்பதும் முழு உண்மையன்று: நடை தளரும், மறதி கூடும், “வயசாயிருச்சு” என்று வீட்டார் விட்டுவிடுவர். இக்குழிகள் உள்ள முதியோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 2003இல் காட்டியது.

நாமக்கல் லாரி ஓட்டுநரோ சேலத்து விசைத்தறிக்காரரோ தலைச்சுற்றல் நின்றதும் பிரஷர் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.