திருப்பிச் சொன்னால் போதுமா? ஓடுபாதை உரையாடலும் சான்றின் சிக்கலும்

கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் ஆணையை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஓடுபாதைப் பாதுகாப்பு இந்த வழக்கத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் ஆணையின் சொற்கள் போய்ச் சேர்ந்தன என்பதற்குத்தான் அது சான்று. கேட்டவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார், ஆணையே சரியா என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை.

1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் 583 பேரைக் கொன்ற மோதல் இந்தக் குறைபாட்டின் முதல் வகை. மூடுபனியில் கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்தது வான்வழித்தட அனுமதி மட்டுமே. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடித்த விதம், புறப்படக் காத்திருக்கிறார்களா, ஓடத் தொடங்கிவிட்டார்களா என்ற ஐயத்துக்கு இடம் தந்தது. காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் ஒரே நேரத்தில் எழுந்து வானொலியில் கீச்சொலியாகக் கலந்தன.

இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது: திருப்பிச் சொன்னது சரி, செய்தது வேறு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே வந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி. தனக்குரிய உயரத்தைச் சரியாகவே சொன்ன கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று நீதிபதி லஹோட்டி ஆணையம் கண்டது. டோக்கியோவின் ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று கடலோரக் காவல்படை விமானி, ஓடுபாதைக்கு வெளியே நிற்க வேண்டிய இடத்தைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னார். பின்னர் ஓடுபாதைக்குள்ளேயே போய் நின்றார். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். காவல்படையினர் ஐவர் மாண்டனர்.

ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவே இவற்றுக்கெல்லாம் வேர் என்று வாதிடலாம். ஆறு படிகள் கொண்ட மொழித் தேர்ச்சி அளவுகோலில் நான்காம் படியையாவது எட்ட வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது தேவையான சீர்திருத்தமே. ஆனால் தில்லியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை மொழி விளக்காது. அகமதாபாத்திலிருந்து வந்திறங்கிய விஸ்தாரா விமானத்தைப் பக்கத்து ஓடுபாதையைக் கடக்கச் சொன்ன கோபுரம், அதே ஓடுபாதையில் பாக்டோக்ரா விமானம் புறப்படவும் அனுமதித்தது. கடக்க வந்த விமானத்தின் பெண் தலைமை விமானி எச்சரித்ததால் புறப்பாடு நிறுத்தப்பட்டது. ஆணைகளே முரண்பட்டிருக்கையில், எவ்வளவு துல்லியமாகத் திருப்பிச் சொன்னாலும் பயனில்லை.

சான்றைப் பற்றிய இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. சுந்தரர் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் தொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வழக்கில், திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அவர் நீட்டிய மூல ஓலையைப் படித்த அளவில் நின்றுவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டார்கள். ஓடுபாதையிலும் உரையாடலுக்கு வெளியே இருந்து வரும் சான்று வேண்டும்: தரை ரேடார், நிறுத்த விளக்குகள், மற்ற விமானிகளின் கண்ணும் காதும். ஹனேடாவில் நிறுத்த விளக்குகள் அப்போது பயன்பாட்டில் இல்லை. கோபுரத்தின் திரையில் ஓடுபாதை ஒரு நிமிடம்போல் எச்சரிக்கை நிறத்தில் மின்னியதை யாரும் கவனிக்கவில்லை.

சென்னையில் நடந்த ஒரு நிகழ்வு இதே சிக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டு, முதல் முயற்சியில் இறங்காமல் மீண்டும் மேலெழுந்தது. ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றதாகத் தலைமை விமானி அறிவித்தார் என்றார் அதில் பயணித்த நாடாளுமன்ற உறுப்பினர் கே. சி. வேணுகோபால். மேலெழச் சொன்னது கோபுரம்தான், வேறு விமானம் காரணமில்லை என்றது நிறுவனம். இரு கூற்றுகளில் எது சரி என்பதைக் கோபுரத்தின் ஒலிப்பதிவும் ரேடார் பதிவும் சேர்ந்தே காட்ட முடியும். உயிர்ச்சேதம் இல்லாத நிகழ்வுகளிலும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிடுவதை வழக்கமாக்கினால், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு ஓடுபாதைகளைக் கொண்ட சென்னையில் எந்த இடத்தில் உரையாடல் பிசகுகிறது என்பது விபத்துக்கு முன்பே தெரியவரும்.