பாராடாங் வழிச் சாலை: அந்தமானில் காடும் கழியும் கணக்கில் வந்த வரலாறு

தமிழாய்வில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றன. மாநக்கவாரம் என்னும் பெயர் எத்தீவைக் குறிக்கிறது என்று அறிவதில் காட்டப்பெற்ற ஆர்வம், அத்தீவுகளில் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தவற்றை ஆராய்வதில் காட்டப்பெறவில்லை. இன்று அங்கு மிகுதியாகப் பேசப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருக்க, இப்புறக்கணிப்பு வியப்பிற்குரியது. கூலித் தொழிலாளராகவும் வணிகராகவும் தாயகம் திரும்பியோராகவும் சென்ற தமிழர்கள் தீவுகளின் காட்டையும் கடலையும் சார்ந்தே வாழ்ந்துவருகின்றனர். அவர்களும் பயன்படுத்தும் ஒரு சாலை, பாராடாங் தீவின் ஊடாகச் செல்லும் அந்தமான் ட்ரங்க் சாலை. அதன் தடம் முடிவுசெய்யப்பட்ட காலத்தில் காட்டுயிர்களின் வாழிடமும் மீன்வளமும் கணக்கில் கொள்ளப்பட்டனவா, கொள்ளப்படாதபோது விளைந்தது யாது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

இரு நீரிணைகளுக்கு இடையில்

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் பாராடாங் அமைந்துள்ளது. தெற்கே மிடில் நீரிணையும் வடக்கே ஹம்ஃப்ரி நீரிணையும் இதனைப் பிரிக்கின்றன. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடக்கே செல்வோர் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து, ஏறத்தாழ 50 கி.மீ. காட்டுவழியே மிடில் நீரிணையை அடைந்து, வாகனங்களுடன் படகிலேறிப் பாராடாங் கரையை அடைவதே நெடுங்கால வழக்கம். அங்கிருந்து ஹம்ஃப்ரி நீரிணையைக் கடந்தால் கதம்தலா. அதன்பின் ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் எனச் சாலை நீள்கிறது.

சுற்றுலா நூல்கள் பாராடாங்கைச் சுண்ணாம்புக் குகைகளாலும் சேற்று எரிமலையாலும் அறிமுகம் செய்கின்றன. தீவின் உண்மையான செல்வம் அதன் கழிகளே எனலாம். நெய்தல் நிலத்திற்குரியதாகத் தமிழ் மரபு நன்கறிந்த கழி என்னும் சொல், ஓதத்தால் ஏறி இறங்கும் இந்நீர்வழிகளுக்கு வேறெந்தச் சொல்லையும்விடப் பொருந்துகிறது. இருமருங்கும் அலையாத்தி மரங்கள் வேரூன்றி நிற்கும் இக்கழிகளில் மடவையும் கொடுவாயும் இறாலும் இளம்பருவத்தைக் கழித்து, வளர்ந்தபின் கடலுக்குச் செல்கின்றன. சேற்று நண்டும் மட்டியும் அங்கேயே வாழ்கின்றன. உவர்நீர் முதலையும் அங்குதான். ஆகவே கழியின் குறுக்கே மண்ணணை எழுப்பி ஓதத்தைத் தடுத்தால், இழப்பு அந்தக் கழியோடு முடிவதில்லை. தொலைவில் வலைவீசும் மீனவனின் பிடிப்பிலும் அது குறைவாக வெளிப்படும்.

இத்தீவு மனிதர் இல்லாத நிலமாகவும் இருந்ததில்லை. பெரிய அந்தமானியர் எனத் தொகுத்துக் கூறப்படும் குழுக்களுள் ஒன்றான புச்சிக்வார் மக்கள் பாராடாங்கில் வாழ்ந்தனர். நோயும் குடியேற்றமும் அவர்களைத் தனிக்குழுவாக நிலைக்க விடவில்லை. 1918 முதல் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து காட்டுப் பணிக்காகக் கொண்டுவரப்பட்ட, ராஞ்சி மக்கள் எனத் தீவுகளில் அழைக்கப்படும் பழங்குடித் தொழிலாளரின் வழிவந்தோர் பாராடாங்கின் ஊர்களில் மிகுதியாக உள்ளனர்.

மரக்கணக்கும் தொலைவுக் கணக்கும்

சாலைக்கு முன்னரே அந்தமான் காடு அளக்கப்பட்டிருந்தது; ஆனால் அளவுகோல் மரமாக இருந்தது. படாக், குர்ஜன் போன்ற விலைமதிப்புள்ள மரங்களின் இருப்பும் மறுவளர்ச்சியும் வனத்துறையால் நுட்பமாகக் கணிக்கப்பட்டன. 1930-களில் பி.எஸ். செங்கப்பா என்னும் வன அதிகாரி, மேற்கவிகையைப் படிப்படியாக நீக்கி இளங்கன்றுகளை வளர்க்கும் முறையை இங்கு உருவாக்கினார். அறிவியல் நோக்கில் அது குறிப்பிடத்தக்க முயற்சியே. எனினும் ஒரு காட்டில் எத்தனை மரம் தேறும் என்பதை அறிந்தோர், அக்காட்டில் எவ்வுயிர் எதை உண்டு வாழ்கிறது என்பதை அதே அளவிற்கு அறிய முற்படவில்லை.

விடுதலைக்குப்பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் தீவுகளில் குடியமர்த்தப்பட்டனர். நடு அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் ஊர்கள் பெருகின. கப்பலை மட்டும் நம்பிய அவ்வூர்களைத் தலைநகரோடு இணைக்கவும், மரங்களை வெளிக்கொணரவும் நிலவழிச் சாலை வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட தடமோ, 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஜாரவா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட காட்டின் ஊடாகவும் அதன் விளிம்பை ஒட்டியும் சென்றது. ஓர் அரசே ஒதுக்கிய காட்டை அவ்வரசே பிளந்த முரண் இங்கு நோக்கத்தக்கது.

1971-இல் பணி தொடங்கியது. அமெரிக்க நாட்டில் பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க அறிக்கையைக் கட்டாயமாக்கிய சட்டம் 1970 சனவரி முதல் நடைமுறையில் இருந்தது. ஸ்டாக்ஹோம் மாநாடு 1972-இல் கூடியது. இந்தியாவில் வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இலும், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இலும், சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-இலும்தான் வந்தன. எனவே சட்டத்தை மீறித் தடம் வகுக்கப்பட்டது என்று கூறுதல் பொருந்தாது. கேட்க வேண்டிய வினாவைக் கேட்கச் சட்டம் இல்லை என்பதே சரி. அவ்வினாவை எழுப்பியவர்கள் ஜாரவாக்கள். அவர்கள் அதை அம்புகளால் எழுப்பினர். பணியாளர் முகாம்கள் தாக்கப்பட்டன, உயிரிழப்புகள் நேர்ந்தன, எழுபதுகளின் நடுவில் பணி நிறுத்தப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. எண்பதுகளின் இறுதியில் சாலை முழுமையடைந்தது.

கணக்கில் வராத உணவு

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளாக உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைச் சேர்த்தே எண்ணுகிறது. இதனைக் கொண்டு பழந்தமிழர் சூழல் மதிப்பீட்டை அறிந்திருந்தனர் என்று கூறுவது மிகையாகும்; அவ்வகை மிகைகளால் தமிழாய்விற்கு நன்மை விளைந்ததில்லை. ஆயினும் உணவையும் தொழிலையும் விலங்கிலிருந்தும் மரத்திலிருந்தும் பிரிக்காமல் ஒருங்கே வைக்கும் அப்பார்வை, ஜாரவா நிலத்தைப் புரிந்துகொள்ள மரக்கணக்கைவிட மிகுதியாக உதவுகிறது.

ஜாரவாக்கள் பயிரிடுவோர் அல்லர். காட்டுப்பன்றி, உடும்பு, தேன், கிழங்கு, கனி ஆகியவற்றைக் காட்டிலிருந்தும், மீன், நண்டு, மட்டி, ஆமை முட்டை ஆகியவற்றைக் கரையிலிருந்தும் பெறுகின்றனர். ஆடவர் ஆழமற்ற நீரில் வில்லம்பால் மீனை எய்கின்றனர். மகளிர் ஓடைகளிலும் கழியோரங்களிலும் கைவலையால் அள்ளுகின்றனர். ஆகவே அவர்களின் வாழிடம் என்பது பருவந்தோறும் மாறி மாறிப் பயன்படுத்தப்படும் காடும் கரையும் ஆகும். வரைபடத்தில் ஒரு கோடாகத் தோன்றும் சாலை, இவ்விரண்டிற்கும் இடையிலான போக்குவரவில் குறுக்கிடுகிறது.

சாலையின் நேரடி இடையூற்றைவிட, அது திறந்துவிட்ட வாயில் கொடியது. பெரிய ஊனுண்ணிகள் இல்லாத அந்தமான் காட்டில் இயல்பாக வாழும் பெருவிலங்கு காட்டுப்பன்றியே. அதனை வேட்டையாடும் வெளியார் சாலைவழியே எளிதில் நுழைந்தனர். மேற்குக் கரைக் கழிகளில் மீனும் நண்டும் களவாடுவோர் படகில் வந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான், இயற்கைப் பகை இன்மையால் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்தது. ஜாரவாக்கள் மரபாக மானை உண்பதில்லை. அவர்கள் உண்ணும் விலங்கு குறைய, உண்ணாத விலங்கு பெருகியது. தடத்திற்கு எத்தனை மரம் வெட்டப்படும் என்பதோடு நின்றுவிடும் எந்த மதிப்பீடும் இதனைக் காட்டியிருக்க இயலாது.

கட்டுமானத்தின் மற்றொரு சுவடு கடற்கரையில் பதிந்தது. சாலைக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய மணல் தீவுகளின் கடற்கரைகளிலிருந்தே அள்ளப்பட்டது. அவற்றுட் சில ஆமைகள் முட்டையிடும் கரைகள்.

நீதிமன்றம் கேட்ட கணக்கு

1997 இறுதியில் ஜாரவாக்கள் பகைமையின்றிக் காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகின் நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத சிறு மக்கட்குழுவிற்கு அது எத்தகைய இடர் என்பதைப் புச்சிக்வார் மக்களின் வரலாறு முன்னரே காட்டியிருந்தது.

இச்சூழலில் தீவுகளின் காடழிப்பை எதிர்த்துச் சூழலியல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் சேகர் சிங் தலைமையில் ஆணையம் ஒன்றை அமர்த்தியது. 2002 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மரம், மணல், ஆக்கிரமிப்பு, சாலை ஆகியவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாகக் கொள்ளாமல் தொடர்புபடுத்தி நோக்கியது. அதன் அடிப்படையில் 2002 மே 7-இல் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒதுக்கக் காட்டின் ஊடான சாலைப் பகுதிகளை மூன்று மாதங்களுக்குள் மூடவும், கடற்கரை மணல் அள்ளுதலைப் படிப்படியாகக் குறைக்கவும் கூறியது. சாலை மூடப்படவில்லை. நிருவாகம் தன் தரப்பில் கூறிய காரணத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது: நடு, வடக்கு அந்தமானின் மக்களுக்கு மருத்துவமனையும் கல்லூரியும் சந்தையும் அச்சாலையின் மறுமுனையில் இருந்தன. நோயாளியைக் கப்பலுக்காகக் காத்திருக்கச் சொல்வது யார் பொறுப்பு என்பது மெய்யான வினா. ஆனால் அவ்வினா 1971-க்கு முன் எழுந்திருந்தால், அதே பணத்தைக் கொண்டு கிழக்குக் கரையில் விரைவுக் கப்பல்களும் துறைகளும் அமைப்பதா என்று ஒப்பிட்டிருக்கலாம். ஊர்கள் சாலையை நம்பி வளர்ந்தபின் கேட்கப்படும் அதே வினாவிற்கு விடை இரு தரப்பினருள் ஒருவருக்கு இழப்பாகவே அமைகிறது.

மூடுதலுக்கு மாற்றாகக் கட்டுப்பாடு வந்தது. வாகனங்கள் குறித்த நேரங்களில் மட்டும் காவலுடன் அணியாகச் செல்லவேண்டும். நிறுத்துதலும் படமெடுத்தலும் கூடா. 2004 திசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவாக் கொள்கையும் இப்போக்கிலேயே அமைந்தது. மைசூர் – உதகை வழியில் பந்திப்பூர்க் காட்டின் ஊடே 2009 முதல் விதிக்கப்பட்ட இரவுப் போக்குவரத்துத் தடையோடு இதனை ஒப்பிடலாம். பந்திப்பூரில் இரவு விலங்குகளுக்கு விடப்பட்டது. அந்தமானில் பகலே மனிதக் காட்சியாக மாறியது. ஜாரவாப் பெண்களை ஆடச்செய்து எடுத்த காணொளி 2012 சனவரியில் வெளியாகி நாட்டைத் தலைகுனியச் செய்தபோது, நேரக்கட்டுப்பாடு தடத்தேர்வின் பிழையை ஈடுசெய்யாது என்பது தெளிவாயிற்று.

நீர்வழியும் ஒரு வழியே

கடல்வழியை மாற்றாகக் கூறுவோர் பலர் அதனைத் தீங்கற்ற வழியாகவே கருதுகின்றனர். 2017-இல் சுற்றுலாப் பயணிகளுக்கெனப் பாராடாங்கிற்குக் கடல்வழி தொடங்கப்பட்டது. சாலைப் பயணமும் நிற்கவில்லை. பாராடாங்கிற்குக் கிழக்கே ரிட்சித் தீவுக்கூட்டமும், 1996-இல் அறிவிக்கப்பட்ட ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்காவின் பவளத்திட்டுகளும் உள்ளன. கழிக்குள் விரையும் படகு எழுப்பும் அலை அலையாத்தி வேர்களின் சேற்றை அரிக்கும். படகுத்துறைக்கு ஆழப்படுத்தினால் கலங்கும் நீர் பவளத்தை மூடும். சேதுக் கால்வாய்த் திட்டத்தில் ஆறு தடங்கள் எண்ணப்பட்டும் மன்னார் வளைகுடாவின் மீன்வளம் பற்றிய ஐயம் தீரவில்லை என்பதைத் தமிழ்நாட்டு மீனவர் நன்கறிவர். நிலத்தில் தவிர்த்த பிழையை நீரில் செய்வதற்கு மாற்றுவழி என்று பெயரிட இயலாது.

2004 திசம்பர் 26-இன் பேரதிர்வு மற்றொரு கணக்கையும் புரட்டியது. வடக்கே நிலம் உயர்ந்து பவளமும் அலையாத்தியும் காய்ந்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில், முன்பு அணைகட்டிக் கழியிடமிருந்து பெற்ற வயல்களைக் கடல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒருமுறை எடுத்த வாழிட அளவை எக்காலத்திற்கும் செல்லும் என்ற எண்ணத்திற்கு இத்தீவுகளில் இடமில்லை.

ஜாரவா ஒதுக்கக் காட்டின் உயிரினங்களையும் மக்களின் வாழ்வையும் ஒருங்கே தொகுத்த விரிவான ஆவணம் ஒன்றை யுனெஸ்கோ 2010-இல் வெளியிட்டது. தடம் வகுப்போர் மேசையில் முதலில் இருந்திருக்க வேண்டிய அத்தகைய தொகுப்பு, பணி தொடங்கி 39 ஆண்டுகளுக்குப்பின் வந்தது. அடுத்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு ஜாரவாக்கள் 380 பேர் எனக் காட்டியது. 2001-இல் அவர்கள் 240 பேர். பன்றியையும் மீனையும் நம்பி வாழ்வோர் தொகை உயர்கையில் பன்றிக்கும் மீனுக்கும் வேண்டிய இடமும் உயரவேண்டும். 2020-களின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி நீரிணையின்மீது பாலம் திறக்கப்பட்டு, பாராடாங்கின் வடகரையில் வாகனங்கள் படகிற்குக் காத்துநின்ற வழக்கம் முடிவுற்றது.