ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

2024 மார்ச் 27 அன்று கொல்கத்தா விமான நிலையத்தில், சென்னைக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி வேண்டி நின்றிருந்தது. தர்பங்காவுக்குச் செல்லவிருந்த இண்டிகோ விமானம் அருகே ஊர்ந்து வந்து, தன் இறக்கை நுனியால் அதன் இறக்கையை உரசிற்று. நுனி முறிந்து தரையில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இண்டிகோ விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர்.

அந்தத் தேதி வரலாறு அறிந்தவரைத் துணுக்குற வைக்கும். சரியாக 47 ஆண்டுகளுக்கு முன், 1977 மார்ச் 27 அன்றுதான், உலக விமான வரலாற்றின் மிகக் கொடிய விபத்து நிகழ்ந்தது. அதுவும் வானத்தில் அன்று; தரையில்.

கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் தெனெரிஃப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. நின்ற விமானங்கள் இணைப்புப் பாதையை அடைத்துக்கொண்டமையால், மற்றவை ஓடுபாதையிலேயே ஊர்ந்து செல்ல நேர்ந்தது. மூடுபனி வேறு. தரை ரேடாரும் இல்லை. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் கோடியில் திரும்பி நின்றது. பான் ஆம் விமானமோ அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

கோபுரம் கே.எல்.எம்.மிற்குத் தந்தது, மேலெழுந்த பின் செல்ல வேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அவ்வாசகத்தில் ‘டேக் ஆஃப்’ என்னும் சொல் இருந்தது. துணை விமானி, தாம் ‘டேக் ஆஃப்’ நிலையில் இருப்பதாகப் பதில் சொன்னார். புறப்படக் காத்திருக்கிறார் என்று கோபுரம் கொண்டது; அவர்களோ ஓடத் தொடங்கியிருந்தனர். கோபுரம் ‘ஓகே’ என்றது. தொடர்ந்து காத்திருக்கச் சொன்ன சொற்களும், தாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானியின் குரலும் ஒரே நொடியில் மோதி, வானொலியில் கீச்சொலியாய்ச் சிதைந்தன. எதிரே விமானம் இருக்கிறதோ என்று பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். தலைமை விமானி உறுதியாக மறுத்தார். 583 பேர் மாண்டனர்.

காளமேகத்தின் சிலேடையை வகுப்பில் நடத்தும்போது, ஒரு சொல் இரு பொருள் தருவதைக் கண்டு மாணவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கவிதைக்கு அழகாவது ஓடுபாதையில் எமனாகிறது. தெனெரிஃபுக்குப் பின், ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை மேலெழ அனுமதி தரவும் அதனை இரத்துச் செய்யவும் அன்றி வேறெதற்கும் ஆளக்கூடாதென விதி வந்தது. முக்கியமான ஆணைகளைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ‘ஓகே’ போதாது. இளையவர் ஐயத்தை மூத்தவர் செவிமடுக்கும் பயிற்சியும் பரவியது.

ஆயினும் பிழைகள் ஓயவில்லை. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாத்தே நிலையத்தில், மூடுபனியில் ஒரு சிறு விமானம் வழிதவறி ஓடுபாதைக்குள் புகுந்தது. அதன் விமானி தாம் நிற்குமிடமாகச் சொன்ன குறியீட்டைக் கோபுரத்திலிருந்தவர் அறிந்திருக்கவில்லை. 118 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடாவில், ‘முதலாவது’ என்று வரிசை எண் சொல்லப்பட்டதைக் கேட்ட கடலோரக் காவல்படை விமானத் தலைவர், நுழைய அனுமதி கிடைத்ததாக எண்ணிவிட்டார். அவர் விமானத்தில் ஐவர் மாண்டனர். மோதிய பயணியர் விமானத்தின் 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிர்தப்பினர்.

நான் வாழும் சேலத்து அம்மாபேட்டை நெசவாளர் ஊர். பாவு நீட்டுவதற்கென்று பொதுவாக விடப்பட்ட நிலத்தை இப்பகுதியில் பாவடி என்பர். பாவு நீண்டு கிடக்கையில் குறுக்கே போகலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அது அறுந்தால் முடிந்துகொள்ளலாம். காமலாபுரத்தின் ஒற்றை ஓடுபாதையைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இதுவும் ஒரு பாவடி, ஆனால் இங்கு அறுவதை முடிய இயலாது. அதனால்தான் இங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் மட்டுமே இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால், எவ்வளவு இளையவரானாலும், வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பவரை அடக்காதிருக்கவும் வேண்டும்.