கம்பமும் கூத்தரும்

மக்கள் திரள் நாற்புறமும் சூழ்ந்திருக்க, நடுவே நாட்டிய ஒரு கம்பத்தைப் பற்றி ஏறும் கூத்தரைக் காண்போர் தம்மை மறந்து நோக்குகின்றனர். அதே கம்பத்தில் அவரைவிட வலிமை மிக்க வேறொருவர் ஏறினும், கண்கள் சற்று நேரத்தில் வேறிடம் செல்கின்றன. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் யாது? ஆடுவோருக்குக் களத்தை நிறைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் தமிழரின் நெடிய கூத்து வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

கழையிலும் கயிற்றிலும் ஆடும் கூத்து தமிழகத்தில் மிகப் பழையது. குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், காற்றில் அசையும் வாகை நெற்றின் ஒலிக்கு, கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலி உவமையாகிறது. கூத்தரின் உருவம் அங்கே காட்டப்படவில்லை, பறையே கேட்கிறது. பறை முழங்கியபோதே பார்ப்போர் மனம் அவர்களை எதிர்நோக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நற்றிணையின் 95ஆம் பாட்டு வேறொரு காட்சியைத் தருகிறது. பல இயங்கள் முழங்க ஆடுமகள் நடந்து சென்ற முறுக்குண்ட கயிற்றில், பின்னர் ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆடுகிறது. குறச் சிறுவர் பாறையில் ஏறித் தாளம் கொட்டுகின்றனர். கயிற்றில் தங்கும் வித்தை குரங்கிற்கும் வாய்த்தது. ஆயினும் அதற்குக் கிடைத்தது சிறுவரின் விளையாட்டுத் தாளமே. பல்லியம் முழங்கியது ஆடுமகளுக்கே. இசையோடு பொருந்தி நடந்த நடையே அவளை வேறுபடுத்தியது.

இவ்வேறுபாட்டை விதிமுறையாகவே வகுத்துக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அவள் ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்டது. பகை மன்னரிடமிருந்து கைப்பற்றிய வெண்குடையின் காம்பைக் கொண்டு அமைத்த தலைக்கோல், நீராட்டப்பட்டு, ஊர்வலமாக வந்து அரங்கில் வைக்கப்பட்டது. அதன் பின்னரே மாதவி வலக்கால் முன்வைத்து ஏறி, வலப்பக்கத் தூணின் அருகே நின்றாள். ஆடலுக்கு முன் நிகழ்ந்த இவையனைத்தும் பார்ப்போரின் மனத்தை ஒருமுகப்படுத்தும் ஏற்பாடுகள். ஆடலின் முடிவில் அவள் பெற்ற பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அரங்கிற்குள் வரும் முறையும், வந்து நிற்கும் நிலையும் ஆடலுக்கு நிகரான கலைகள் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

ஈழத்தின் கீழ்க்கரையில் இம்மரபு இன்னும் உயிரோடு விளங்குகிறது. கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பகுதியில் திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்கத் தமிழூர் சொறிக்கல்முனை. கரையோரமாகக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு முதலிய இந்துத் தமிழூர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆதலின் இப்பகுதியின் ஆட்டமும் மட்டக்களப்புக் கூத்து என்ற பெயரிலேயே வழங்கும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலய விழாவில் வனவாசமும், அருச்சுனன் தவநிலையும், தீமிதிப்பும் முக்கிய நிகழ்ச்சிகள். தமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களின் தெருக்கூத்தில் இத்தவம், உயர்ந்த தபசு மரத்தில் ஏறும் கூத்தாக நடைபெறும். அருச்சுனன் வேடம் பூண்டவர் படிதோறும் நின்று பாடி, மெல்ல மெல்ல உச்சியை அடைவார். அங்கிருந்து அவர் எறியும் எலுமிச்சங் கனியையும் மலரையும் பெறப் பெண்கள் சேலை முந்தானையை விரித்துக் காத்திருப்பர். விரைந்து ஏறுதல் அங்கே எவருக்கும் வேண்டியதன்று. ஒவ்வொரு படியிலும் அவர் தங்கும் நேரம், கீழே நிற்போரின் நெஞ்சையும் உடன் உயர்த்துகிறது.

மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் கம்பம் ஏறுதல் இல்லை. எனினும் கம்பத்தில் ஆடுவோரின் நிலையே அங்குள்ள கூத்தரின் நிலையும் ஆகும். நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பதால் கூத்தருக்கு மறைவிடமே கிடையாது. முதுகும் தோளும் குதிகாலும் முகத்தைப்போலவே பேசுதல் வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உரிய வரவுத் தாளம் முழங்கும்போதே, வருபவர் அரசனா, மந்திரியா என்பதை ஊரார் உணர்வர். வடமோடி அரசர் கரப்புடுப்பும் கனத்த முடியும் தாங்கி ஆடுவர். அப்பாரத்தைப் பாரமாகக் காட்டாமல் ஆடும் திறன், சட்டம் கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் வரை நீளும் மாதக்கணக்கான பயிற்சியால் வருவது. முஸ்லிம் ஊர்களின் பொல்லடியிலும் வட்டமே முறை. ஒருவரின் கோல் தாளம் தவறினும் வட்டம் முழுவதும் தடுமாறும். ஆதலின் அங்கே களத்தை நிறைப்பது கூட்டத்தின் ஒருமைப்பாடு.

இம்மரபு ஒரு பெருஞ் சோதனைக்கு உள்ளானது 1960களில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1962ஆம் ஆண்டில் கர்ணன் போர் என்னும் கூத்தை மேடையேற்றினார். நொண்டி நாடகமும், இராவணேசனும், வாலிவதையும் தொடர்ந்து வந்தன. விடியவிடிய ஆடும் கூத்து சில மணி நேரத்திற்குள் சுருங்கியது. நாற்புறமும் இருந்த பார்வையாளர் ஒருபுறம் ஆயினர். கற்றோர் கூத்தை மதிக்கத் தலைப்பட்டமை இதன் பெரும்பயன். ஆயினும் வட்டத்தில் சுழன்று ஆடிய கால், ஒரே திசையை நோக்கி ஆடப் புதிதாகப் பழகவேண்டியதாயிற்று. இரு முறைகளையும் பேணிக் காத்தல் கலைஞர் கடன்.

கம்பத்தின் வரலாறும் இவ்வாறே மாறி வந்துள்ளது. மல்லர் மரத்தூணில் பயின்ற செய்தி 12ஆம் நூற்றாண்டு நூலாகிய மானசோல்லாசத்தில் காணப்படுகிறது. மராட்டிய நாட்டில் வளர்ந்த அப்பயிற்சி, மல்லர் கம்பம் என்ற பெயரில் விழுப்புரத்துப் பிள்ளைகளிடமும் பரவியுள்ளது. மேனாடுகளில் மதுக்கூடக் கேளிக்கையாக எண்ணி இகழப்பட்ட கம்ப நடனத்தின் விளையாட்டு வடிவத்திற்கு, 2017ஆம் ஆண்டில் உலக விளையாட்டுச் சங்கங்களின் பேரமைப்பு பார்வையாளர் தகுதி அளித்தது. கழைக்கூத்தாடி என்ற சொல்லையே இழிசொல்லாக வழங்கிய சமுதாயம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

கம்பம் உடலைத் தாங்கும். பார்ப்போர் மனத்தைத் தாங்கும் பொறுப்பு ஆடுவோருடையது. தாளத்திற்கு முன்னே ஓடாத பொறுமை, நிற்குமிடத்தில் அசையாத உறுதி, எப்புறத்துப் பார்வையாளரையும் மறவாத கவனம் ஆகிய இம்மூன்றையும் ஆடுமகளின் கயிறும், மாதவியின் அரங்கும், அருச்சுனனின் தபசு மரமும், கீழ்க்கரையின் வட்டக்களரியும் ஒருங்கே கற்பித்து வந்துள்ளன. இவற்றைப் பெற்ற கூத்தர் ஏறும் கம்பம் எத்துணைச் சிறிதாயினும், ஊரின் கண்கள் அதன் உச்சியிலேயே நிற்கும்.